பச்சைப் புடவைப் பயணி

பொம்மை ரயில் சேகரிப்பவர்களின் கூட்டத்துக்குத் தணிகாசலம் ஆண்டுதோறும் தனியாகத்தான் போவார். அங்கே அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க இந்த முறை அவர் மனைவி மரகதவல்லியும் கூடப் போனாள். அவர் தன் மேசையில் ரயிலைப் பூட்டி ஓடவிடும் வரை அவள் மண்டபத்தைச் சுற்றி வந்தாள்; முன்பின் தெரியாத ஒருவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, நீங்கதானே பிளாட்பாரத்துல நிக்கிறவங்க?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தணிகாசலத்தின் மேசையைக் காட்டினார். வளைந்தோடும் தண்டவாளத்தின் ஓரம் ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் நடைமேடையில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பெண் பொம்மை, கையில் பெட்டியோடு. மரகதவல்லியின் பச்சைப் புடவை, அதே மூக்குக் கண்ணாடி. ரயில் அவளைக் கடந்து போய்ச் சுற்றி வந்து மறுபடியும் கடந்தது.

"நான் எங்கங்க கெளம்பி நிக்கிறேன்?"

தணிகாசலம் கூச்சத்தோடு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செஞ்சு வச்சேன். அதுக்கு மேல யோசிக்கலை."

"வண்டி இங்க நிக்காதா?"

"நிறுத்திப் பார்த்ததில்லை."

ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையை அவள் அவரிடமிருந்து வாங்கி மெல்லத் திருகினாள். ரயில் வேகம் குறைந்து பொம்மையின் எதிரே நின்றது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.

"ஏறப் போறியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் தணிகாசலம்.

மரகதவல்லி குனிந்து, உள்ளே அவர் சாயலில் ஒரு பொம்மை இருக்கிறதா என்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.