காரணம் சொல்லத் தேவையில்லை

"நான் சொன்னதை உங்கட புத்தகத்தில இருந்து எடுத்துப் போடுங்க தங்கச்சி."

ஜெயரூபியின் பாலையூற்று வீட்டு வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றபடி ஸுல்பிகா இதைச் சொன்னாள்.

ஜெயரூபி ஆய்வேட்டைக் கையளிக்க இன்னும் ஆறே நாள்தான். அரசியல், மெய்யியல், பொருளியல் மூன்றும் சேர்ந்த சிறப்புப் பட்டம் அவளுடையது. நாலாம் வருடம் முழுக்க ஆய்வு. துறைமுகத்தடியில் இருந்த கருவாட்டுக் கொட்டில்களை ஐஸ் கொம்பனிக்குப் பின்னால் தள்ளிவிட்டபோது, "பெண்கள் எல்லாரும் விரும்பித்தான் போனவை" என்றது மீனவர் சங்கம். உண்மையிலேயே விரும்பித்தான் போனார்களா? அதுதான் அவளுடைய ஆய்வு.

பதினாலு பெண்களைப் பேட்டி கண்டாள். பதின்மூன்று பேர் "ஓம், விருப்பம்தான்" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைப் பிரட்டப் போய்விட்டார்கள். ஸுல்பிகா மட்டும்தான் வாய் திறந்தாள்.

"வெறுந்தாளிலதான் கையெழுத்து வாங்கினாங்க. எழுத்தெல்லாம் பொறகுதான் வந்திச்சு."

நாலாம் அத்தியாயம் முழுக்க அந்த இரண்டு வரியில்தான் நின்றது. போன கிழமை நடந்த ஆய்வரங்கில் ஜெயரூபி பேர் சொல்லாமல் அதை வாசித்தபோது மண்டபம் கைதட்டியது. வந்திருந்த சங்கத் தலைவர் மட்டும் கை தட்டவில்லை.

"ஏன் ராத்தா? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்ல. எடுத்துப் போடுங்க."

"ஆரும் வெருட்டினவையோ?"

"என்னைய ஒருத்தரும் வெருட்டல்ல."

"அப்ப ஏன்?"

ஸுல்பிகா முக்காட்டை இழுத்துச் சரி செய்தாள். "நீங்கதானே ஒரு தாள் தந்தீங்க. எந்த நேரமும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்ல எண்டு வாசிச்சுக் காட்டினீங்களே."

வாசித்துத்தான் காட்டினாள். அந்தப் படிவத்தை எழுதியதே ஜெயரூபிதான்.

"ஓம் ராத்தா, அது சரி. ஆனா இப்ப எடுத்தா என்ட ஒரு வருசம் அப்பிடியே போயிடும். உங்கட பேர் எங்கயும் வராது. உங்களை ஆருக்கும் தெரியப்போறேல்ல. நீங்களே பயந்தா இந்த ஊரில வேற ஆர் கதைக்கிறது, சொல்லுங்கோ?"

சொல்லும்போதே குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, உண்மையான அழுகைதான்.

"சரி, அழாதீங்க. இருக்கட்டும். வெச்சுக்கொள்ளுங்க."

தேத்தண்ணி கூடக் குடிக்காமல் ஸுல்பிகா படியிறங்கிப் போனாள்.

ஜெயரூபி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். நிம்மதியாக இருந்தது. கூடவே ஏமாற்றமும். அவ்வளவு துணிச்சலாகக் கதைத்த மனுசி, கடைசியில் தன்ட கொட்டிலை நினைத்துப் பயந்துவிட்டாளே!

அன்றைக்கே நாலாம் அத்தியாயத்தில் ஒரு பந்தியைச் சேர்த்தாள். 'வறுமையில் இருப்போரின் துணிவு நீடிப்பதில்லை. தம் பிழைப்புக்கு ஆபத்து என்றதும் தன்னலமே வெல்கிறது.'

மேற்பார்வையாளர் அதற்குப் பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். முதல் வகுப்புக் கிடைத்தது. ஆய்வேட்டைக் கெட்டி அட்டை போட்டு நூலகத்தில் வைத்தார்கள்.

பெறுபேறு வந்த அடுத்த நாள், ஒரு கேக் பெட்டியும் கையுமாக ஐஸ் கொம்பனிக்குப் பின்னால் போனாள். ஸுல்பிகாவின் கொட்டிலில் யாரோ வலை குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்துக் கொட்டிலில் புஷ்பவதி கருவாடு அடுக்கிக்கொண்டிருந்தாள். 'விருப்பம்தான்' என்று சொன்ன பதின்மூன்று பேரில் ஒருத்தி.

"ஸுல்பிகா ராத்தா எங்க அக்கா?"

"அவ இஞ்ச இல்லை. போய் மூண்டு மாசம். கிண்ணியாவில ஆரோ வீட்டில சமைக்கிறாவாம்."

"சங்கம் எழுப்பினதோ? நான் அவவின்ட பேரை ஒரு இடத்திலயும் போடேல்லையே! எப்பிடித் தெரிஞ்சது?"

"அவ எண்டு தெரியாது. நான்தான் சொன்னனான் எண்டு தலைவர் நினைச்சவர்." புஷ்பவதி கருவாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க வரேக்குள்ளயெல்லாம் என்ட கொட்டிலிலதானே இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்க. அதைக் கண்டவை. அந்தக் கதை புத்தகத்தில வந்தா என்ட இடத்தைப் பறிக்கிறதெண்டு சொல்லிப்போட்டார். மூண்டு பிள்ளையளோட நான் எங்க போறது?"

ஜெயரூபிக்குக் கேக் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா…"

"நான்தான் அவவிட்ட கெஞ்சினனான், ஆரிட்டயும் என்ட பேரை எடுக்க வேண்டாமெண்டு. நீங்க போய்ச் சங்கத்தில கேள்வி கேட்டா இன்னும் வில்லங்கமெல்லே? அதுதான் அவ உங்களிட்ட ஒண்டும் சொல்லேல்ல. உங்கட வீட்டில இருந்து நேரா சங்கத்துக்குத்தான் போனவ. 'கதைச்சது நான். புஷ்பவதிக்கு ஒண்டும் தெரியாது' எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டு, அடுத்த நாளே கொட்டிலைக் காலி பண்ணினவ."

"நான்… அவ பயந்துபோய் வந்தவ எண்டெல்லோ நினைச்சனான்."

புஷ்பவதி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பயந்துதான் வந்தவ பிள்ளை. எனக்காகப் பயந்து வந்தவ."