ஏட்டய்யா சுட்ட திருடர்கள்

“ஏட்டய்யா, ஒரு விசயம் சொல்லணும்.”

“பொறவு சொல்லுலே. திருடன் வந்துட்டான்.”

பால்சாமி ஏட்டு ஒற்றைக் கண்ணை மூடி, வயர் கோத்த சிவப்புத் துப்பாக்கியைத் திரைக்கு நேரே நீட்டினார். பேங்க் வாசலில் முகமூடிக்காரன் ஒருவன் தலையைத் தூக்கினான். ஏட்டு சுட்டார், விழுந்தான். காருக்குப் பின்னால் இன்னொருவன். அவனும் விழுந்தான். நடுவில் கைக்குழந்தையோடு ஒருத்தி குறுக்கே ஓடினாள். முதல் நாள் அவசரத்தில் அவளையும் சேர்த்துச் சுட்டிருந்தார். நல்லவேளை, குறி தப்பி அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் வரும்போது விரலை எடுத்துவிடுகிறார்.

“எம்புட்டுப் பேருலே விழுந்தான்?”

“எல்லாருமே விழுந்துட்டானுவ ஐயா,” என்றான் கடைக்காரன் சோலைராஜ். அவன் குரலில் உற்சாகம் இல்லை. ஏட்டு அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

ராஜபாளையத்தில் சோலைராஜ் வீடியோ கேம் கடை போட்டது தொண்ணூற்றாறில். போலீஸ்காரர் திருடனைச் சுடும் மெஷின் ஒன்றை மெட்ராசிலிருந்து இறக்கியிருந்தான். திரைக்குக் கீழே ஏதோ இங்கிலீஷ் எழுத்து விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருக்கும். இங்கிலீஷோடு ஏட்டுக்கு இருந்த கொடுக்கல் வாங்கல் எட்டாம் வகுப்போடு முடிந்துபோனது. சபாஷ் என்கிற மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டார்.

ஏட்டுக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். உள்ளூரில் பொம்மைத் துப்பாக்கி பிடித்தால் மானம் போய்விடும் என்று மப்டியில் பஸ் ஏறி வருவார். மப்டிதான், ஆனாலும் மீசை மீசைதானே. கண்டக்டர் அவர் சீட்டைத் தாண்டிப் போய்த்தான் அடுத்த டிக்கெட்டைக் கிழிப்பார். மாடியில் இருந்த கடைக்குள் நுழைந்ததும் கீழே டீக்கடையிலிருந்து டீ தானாக மேலே வரும். வரிசையில் நிற்கும் காலேஜ் பையன்கள் தானாக விலகுவார்கள். முதல் நாள் சோலைராஜ் டோக்கன் டப்பாவைத் திறந்தான்; மீசையைப் பார்த்தான்; மூடிவிட்டான். ஊர் உலகத்தில் உள்ள மரியாதைதான்.

இத்தனை பாடும் எதற்கென்றால், வருடாந்தரத் துப்பாக்கிப் பயிற்சிக்கு. போன வருடம் ஏட்டு சுட்ட குண்டுகள் எல்லாம் பக்கத்து ஆள் போர்டில் போய் விழுந்தன. அந்த ஆள் பாராட்டு வாங்கினான். “இந்த வருசமும் தேறலேன்னா ரிட்டையர் ஆகுற வரைக்கும் நீரு ஏட்டுதான். தேறினா எஸ்.ஐ.,” என்று இன்ஸ்பெக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி சுடலைமாடத்திக்கு அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. நட்சத்திரம் வைக்கிற சட்டைக்கு டெய்லரிடம் அளவே கொடுத்துவிட்டாள். ஏட்டுக்கு ராத்திரி தூக்கம் போனது அன்றைக்குத்தான்.

பயிற்சிக்கு முந்தின நாளும் கடைக்கு வந்தார். சோலைராஜ் மறுபடி பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏட்டய்யா, அந்த விசயம்...”

“ஏலே, போலீஸ்காரனுக்கே சுடச் சொல்லித் தாரியா? செத்த நேரம் பேசாம இரு.”

சோலைராஜ் டோக்கன் டப்பா இருக்கிற மேசைக்கே திரும்பினான். அன்றும் ஒரு திருடன் தப்பவில்லை.

மறுநாள் மைதானத்தில் மற்றவர்கள் படுத்து, மூச்சை அடக்கி, பார்த்துப் பார்த்துச் சுட்டார்கள். ஏட்டு படுத்த வேகத்தில் படபடவென்று சுட்டு முடித்துவிட்டு, எழுந்து மண்ணைத் தட்டினார். போர்டைப் பார்க்கக்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். பிறகு பக்கத்து போர்டுகளையும் பார்த்தார்.

“போன வருசமாவது எங்கேயோ பட்டுச்சு,” என்றார்.

வீட்டில் சுடலைமாடத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். தைத்து வந்த சட்டையை மடித்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏட்டுக்கு அழுகையே வந்தது. அழுகையைக் கோபமாக மாற்றிக்கொண்டு, முழு யூனிபாரத்தில் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினார்.

“கடைய மூடுலே. மெஷினத் தூக்கிட்டுப் போகப்போறேன். இங்க ஒரு குண்டு தப்பல, அங்க ஒரு குண்டு படல. இதுல என்னலே தில்லுமுல்லு பண்ணி வச்சிருக்க?”

சோலைராஜ் எழுந்து நின்றான். “சத்தியமா ஒண்ணும் பண்ணல ஐயா. அன்னைக்கே சொல்ல வந்தேன். பொறவு சொல்லுன்னுட்டிய.”

“இப்பச் சொல்லு.”

சோலைராஜ் மெஷின் பக்கம் போனான். டப்பாவிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து மெஷினுக்குள் போட்டான். இந்த ஒரு மாதத்தில் ஏட்டு கேட்டிராத மேளச் சத்தம் ஒன்று கிளம்பியது. கீழே மின்னிக்கொண்டிருந்த எழுத்து சட்டென்று மறைந்தது. சோலைராஜ் துப்பாக்கியைப் பவ்யமாக அவர் கையில் கொடுத்தான்.

பேங்க் வாசலில் முகமூடிக்காரன் தலையைத் தூக்கினான். ஏட்டு சுட்டார். அவன் விழவில்லை. மறுபடி சுட்டார். அவன் நிதானமாகத் திரும்பி ஏட்டைப் பார்த்துச் சுட்டான். திரை முழுக்கச் சிவந்தது.

“என்னலே இது, திருடன் நம்மளச் சுடுதான்?”

“டோக்கன் போட்டா சுடத்தான் செய்வான் ஐயா,” என்றான் சோலைராஜ், தலையைக் குனிந்துகொண்டே. “போடாதவரைக்கும், கடைக்கு ஆள் இழுக்குறதுக்காக மெஷினு அதுபாட்டுக்குச் சுட்டுக் காட்டிக்கிட்டு இருக்கும்... ஐயாதான் ஒருநாளும் போட்டதில்லையே.”