வடக்குப் பார்த்த கல்

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாய்,” என்றார் வால்ட்.

லொரேன் கண்ணாடியைச் சாய்த்தாள். ஆளுயரக் கண்ணாடி. படுக்கையறைக் கதவிலிருந்து காலையில்தான் கழற்றி, போர்வையில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

அந்தக் கல் வடக்குப் பார்த்து நின்றது. அதன் முகத்தில் நேர் வெயில் படுவது அபூர்வம். சூரியனைக் கண்ணாடியில் பிடித்து, பக்கவாட்டில் கல்லின்மேல் விட வேண்டும். ஒளி நேராக விழுந்தால் வெறும் வெள்ளைப் பலகைதான். உரசிக்கொண்டு போனால் தேய்ந்த எழுத்துகூட நிழல் கட்டி எழுந்து நிற்கும்.

வால்ட் கல்லின் முன் மண்டியிட்டிருந்தார். மரக்கரண்டியால் அடிமண்ணைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் தூரிகையால் துடைத்தார்.

லொரேனுக்கு மோதிரம் போட்ட அன்று அவர் மண்டியிடவில்லை. முழங்கால் வலி என்றார்.

ஹானோரா மெக்கீஹன். பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவள். இந்தச் சுரங்க ஊரில் விதவையாகி, ஊராரின் துணிகளைத் துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள்.

கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அவளும் கூடவே உட்கார்ந்திருக்கிறாள். ஹானோராவின் கடைசிப் பையன் எட்டு வயதில் நிலக்கரி பொறுக்கப் போனான். ஹானோராவுக்கு ஒரு குளிர்காலத்தில் அம்மை போட்டது.

லொரேனுக்கு அம்மை போட்டதுண்டா என்று வால்ட் கேட்டதில்லை.

ஹானோராவின் ஊர் மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை. கப்பல் பதிவு, குடிமதிப்புக் கணக்கு, தேவாலயப் பதிவு எல்லாவற்றிலும் பிறந்த இடம் ‘அயர்லாந்து’. அந்தப் பெயரில் அயர்லாந்தில் ஆயிரம் பெண்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பிழைக்க வந்த அந்த ஜனங்கள் செத்த பிறகு கல்லில் மட்டும் தங்கள் ஊர்த் தேவாலயப் பங்கின் பெயரைச் செதுக்க வைத்தார்கள். அது ஒரு பிடிவாதம்.

ஊர் தெரிந்துவிட்டால் வசந்தத்தில் அயர்லாந்து பயணம். அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து இந்தத் தோட்டத்தில் போட வேண்டும். வால்ட் முடிவு செய்துவிட்டார்.

கடலோரம் நாலு நாள் போகலாம் என்று லொரேன் கேட்கும்போதெல்லாம் அதே முழங்கால் வலித்தது.

இரண்டு வரிசை தள்ளி, தன் பாட்டனாரின் கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்த பெர்னடெட் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏய் லொரேன், சக்களத்திக்கு வெளிச்சம் பிடிக்கிற ஒரே பொம்பளை இந்த ஊர்ல நீதான்டி!”

சொன்னவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபடி குனிந்து புல்லைப் பிடுங்கினாள், தேவைக்கு மேல் வேகமாக.

லொரேன் சிரித்து வைத்தாள்.

சூரியன் கரிக்கழிவு மேட்டைத் தொடப் போயிற்று. லொரேனின் மணிக்கட்டு கடுத்தது. வால்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதில் தெறித்த சேற்றைச் சட்டை நுனியால் துடைத்தார்.

அப்போதுதான் அவள் கை லேசாகத் திரும்பியது. ஒளி கல்லை உரசியது.

கடைசி வரி எழுந்தது. பங்கின் பெயர். அதையடுத்து மாவட்டம்.

லொரேன் வாசித்தாள். உதடு அசையாமல் இன்னொரு தரம் வாசித்தாள். அழகான பெயராக இருந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வால்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அவள் மணிக்கட்டைத் திருப்பினாள். ஒளி கல்லின்மேல் நேராக விழுந்தது. வெள்ளைப் பலகை.

“ஏதாவது தெரிஞ்சுதா?”

“அயர்லாந்துன்னு இருக்கு. அவ்வளவுதான்.”

“நல்லாப் பாத்தியா?”

“நீங்களே பாருங்களேன்.”

அவர் முகத்தைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் தடவினார். பளிங்கு சர்க்கரைபோல் உதிர்ந்தது. பயந்து கையை எடுத்துக்கொண்டார்.

மேடு சூரியனைப் பாதி விழுங்கியிருந்தது.

“விடு. இதுக்கு மேல தேட எடமில்ல.”

அவர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே வலது பக்கம் திரும்பி, மெதுவாக ஏதோ சொன்னார். லொரேனிடம் அல்ல.

“என்னால முடியலடி, கேத்.”

வால்ட்டின் அப்பாவும் தாத்தாவும் சாலைக்கு அந்தப் பக்கம், போலந்துக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தார்கள். அங்கே அவர் தூரிகையோடு போனதே இல்லை.

லொரேனின் கை தளர்ந்தது. ஒளி ஹானோராவை விட்டு இறங்கி, புல்லின்மேல் ஓடி, பக்கத்தில் இருந்த கறுப்புக் கல்லில் போய் நின்றது.

அதை வாசிக்க எந்தச் சிரமமும் இல்லை. இயந்திரத்தில் வெட்டிய எழுத்து. இடது பாதியில் கேத்லீன் நோவிட்ஸ்கி, ஹானோராவின் கொள்ளுப்பேத்தி. பிறந்த வருஷம், இறந்த வருஷம்.

வலது பாதியில் அவள் கணவர். வால்டர் நோவிட்ஸ்கி. பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு.

கோட்டுக்குப் பிறகு ஒரு வருஷத்தைச் செதுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். இன்னொரு பெயருக்கு அந்தக் கல்லில் இடம் இல்லை.