ஆறாவது ஸ்பூன்

ரத்தம் எடுக்கும் அறையின் ஜன்னல் கண்ணாடியில் காலை வெயில் பால் நிறத்தில் தேங்கி நிற்கிறது. நர்ஸ் அவன் இடது கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல் நுனியால் நரம்பைத் தேடுகிறாள். "அங்க கிடைக்காது சிஸ்டர். எல்லாம் நானே குத்திக் குத்திக் கெடுத்துட்டேன். மணிக்கட்டுப் பக்கம் பாருங்க," என்று புது ஆளுக்குத் தெருவைக் காட்டுகிறவன் போல வழி சொல்கிறான். சுவரோரம் நிற்கும் அவன் அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள். போன பரிசோதனையில் கல்லீரல் வைரஸ் என்று வந்திருக்கிறது. இது அதை உறுதி செய்ய. "எப்படி வரும்? ஒருத்தர் ஊசிய இன்னொருத்தர் தொட்டதே இல்ல. ஆளுக்கொரு ஊசி. அதுல நாங்க ரொம்பச் சுத்தம்," என்கிறான், சற்றுப் பெருமையாகவே. "போதைப் பொடிய எதுல கரைச்சீங்க?" என்று நர்ஸ் கேட்கிறாள். "ஸ்பூன்லதான். அது மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு." நர்ஸின் விரல் நின்றுவிடுகிறது. "குத்தின ஊசியவே மறுபடி அதுல முக்கியிருப்பீங்க. ரத்தம் ஒட்டாதா தம்பி? அந்தப் பொடி வலிய மட்டுமா தூங்க வைக்குது? உடம்போட காவலையும் சேர்த்துத்தான். அப்புறம் வைரஸுக்கு என்ன, திறந்த வீட்டுல நாய் நுழைஞ்ச மாதிரிதான்." மணிக்கட்டில் ஊசி இறங்குகிறது. குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பாக, மெதுவாக ஏறுகிறது. ஜிப்பின் சத்தம் நின்றுபோயிருக்கிறது. வீட்டில் ஆறு ஸ்பூனில் ஒன்று காணோம் என்று வேலைக்கார அம்மாளைத் திருடி என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தியவள் அக்காதான். "கைப்பிடில பூ போட்டதாடா?" என்று கேட்கிறாள். அவன் நிறைந்துவரும் குழாயையே பார்த்தபடி தலையாட்டுகிறான்.