பிஷப்பின் நாற்காலி

"யோவ் அம்ப்ரோஸ், உன் ஆயுள் தண்டனை இன்னியோட முடியுதுய்யா!"

பப்பின் பக்கச் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான் பார்னபி. குதிரைக்கு லாடம் அடிக்கிறவன். மெதுவாகப் பேச அவனுக்கு வராது.

சன்னலுக்கு வெளியே பீர் கிளாஸும் கையுமாக நின்றிருந்த அம்ப்ரோஸுக்கு நெஞ்சு திக்கென்றது.

"என்னய்யா சொல்றே?"

"ஊரே கையெழுத்துப் போட்டாச்சு. முப்பத்திரண்டு பேர். பாதிரியார்கூட இப்பப் பூசை முடிஞ்சு வந்து போட்டுட்டார். நீ மழையில நின்னு இருமுறதப் பாத்துக்கிட்டு எங்களால நிம்மதியாக் குடிக்க முடியலே. ஹெட்டி உன்னை மன்னிச்சே ஆகணும். இல்லேன்னா ஒருத்தரும் இங்கே கால் வைக்க மாட்டோம்னு சொல்லிட்டோம்!"

அம்ப்ரோஸ் கிளாஸைச் சன்னல் கட்டையில் வைத்தார்.

பதினோரு வருஷம்! 'மூன்று காதுப் பன்றி' என்ற அந்த பப்பில் சொந்தக்காரி ஹெட்டி போட்ட சட்டம் மூன்றுதான். அவள் சமையலைக் குறை சொல்லக் கூடாது. மொபைல் அடித்தால் அது ஊறுகாய் முட்டை ஜாடிக்குள் போகும். கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் பிஷப்பைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. பிஷப் என்பது ஹெட்டியின் பூனை. முதல் இரண்டு குற்றத்துக்கும் மன்னிப்பு உண்டு. மூன்றாவதைச் செய்தவன் ஆயுசுக்கும் வாசப்படி மிதிக்க முடியாது.

மனைவி இறந்த மறு வருஷம், நாளெல்லாம் பஸ் ஓட்டிய அசதியில், பார்க்காமல் அதில் போய் உட்கார்ந்துவிட்டார் அம்ப்ரோஸ். விதவை ஹெட்டி போட்ட கூச்சலில் கூரை அதிர்ந்தது. அன்றிலிருந்து சன்னலே கதி. வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாது?

கிளாஸை ஹெட்டியே கொண்டுவந்து சன்னலில் வைப்பாள். நாலாவது வருஷம் அதற்கு மேலே ஒரு தகரக் கூரையும் போட்டாள். "உனக்காக இல்லே. பீர்ல மழைத்தண்ணி விழுந்தா கெட்ட பேர் எனக்குத்தான்" என்று ஊர் கேட்கச் சொன்னாள்.

கல்நெஞ்சக்காரி என்றது ஊர்.

"வாய்யா உள்ளே!" பார்னபி ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

உள்ளே கணப்புச் சூடும் வறுத்த மாட்டுக்கறி வாசனையும் முகத்தில் அடித்தன. எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஹெட்டி மட்டும் கவுன்ட்டருக்குப் பின்னால் ஏற்கெனவே துடைத்த கிளாஸையே துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உன் வாயால சொல்லிடு ஹெட்டி" என்றாள் தபாலாபீஸ் நோரா.

"அதான் முப்பத்திரண்டு பேரும் சொல்லிட்டீங்களே! மன்னிச்சாச்சு, போதுமா?" ஹெட்டி அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் என்ன உண்டோ, இனிமே அதுதான் இவருக்கும்."

ஒரே ஆரவாரம். அம்ப்ரோஸைத் தூக்காத குறையாக நடுவில் உட்கார வைத்தார்கள்.

"ஆமா, பிஷப் எங்கே? நாற்காலி காலியாக் கெடக்கு?" என்றாள் நோரா.

"எலி பிடிக்கப் போயிருக்கும்" என்றாள் ஹெட்டி.

அம்ப்ரோஸ் மெல்லக் குடித்தார். இந்தப் பக்கம் பார்னபி முதுகில் தட்டினான், அந்தப் பக்கம் நோரா இருமலுக்குக் கஷாயம் சொன்னாள். ஹெட்டி கிளாஸ்களோடு நாலு தடவை அவரைத் தாண்டிப் போனாள். ஒரு வார்த்தை இல்லை. ஐந்தாவது தடவை அவரே கேட்டார்.

"ஹெட்டி, உன் தங்கச்சிகிட்டேருந்து லெட்டர் வந்துச்சா?"

"வியாழக்கிழமை வந்த நீலக் கவர்தானே?" என்று குறுக்கே விழுந்தாள் நோரா. "ஸ்காட்லாந்து முத்திரை! என்ன எழுதியிருக்கா ஹெட்டி? புருஷன் திரும்ப வந்துட்டானா?"

பப்பே காதைத் தீட்டிக்கொண்டு திரும்பியது. முகம் சிவக்க ஹெட்டி சமையலறைக்குள் போய்விட்டாள்.

அம்ப்ரோஸ் மிச்ச பீரைக் குடித்துவிட்டு எழுந்தார். கணப்பை நோக்கி நடந்தார்.

"பாவம், குளிர் காயட்டும்" என்றாள் நோரா.

அவர் பிஷப்பின் நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்து, காலையும் நீட்டிக்கொண்டார்.

"அடப்பாவி! எந்திரிய்யா!" பார்னபி அலறினான்.

அதற்குள் ஹெட்டி வாசலுக்குக் கை நீட்டியபடி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "போய்யா வெளியே! சாகுற வரைக்கும் இந்தப் படியை மிதிக்காதே! இனிமே கையெழுத்து அது இதுன்னு எவனாவது வந்தீங்க, அவனுக்கும் இதே கதிதான்!"

"உன் தலையெழுத்து அப்படிய்யா, நாங்க என்ன பண்ண?" என்று தலையில் அடித்துக்கொண்டான் பார்னபி.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அம்ப்ரோஸ் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்று, சன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சன்னல் திறந்தது. நிரம்பிய கிளாஸும் ஆவி பறக்கும் தட்டும் வந்தன. பின்னாலேயே ஹெட்டியின் முகமும் வந்தது. அம்ப்ரோஸ் செய்ததைப் பற்றி உள்ளே நடந்த சண்டைச் சத்தத்தில் அவள் குரல் யாருக்கும் கேட்டிருக்காது.

"ஒரு கிளாஸ் முடியிற வரைக்கும் அவங்க நடுவுல அசையாம உக்காந்திருந்தீங்களே, எங்கே உள்ளேயே இருந்துடுவீங்களோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு" என்றாள்.

"நாற்காலி காலியா இருந்ததால பொழைச்சோம் ஹெட்டி. அந்த எலிக்குத்தான் நன்றி சொல்லணும்."

"எலியாவது ஒண்ணாவது!" ஹெட்டி இடுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினாள். "காலையில எந்திரிச்சதும் பிஷப்பை மாடியில வச்சுப் பூட்டிட்டேன். அது கெடக்கட்டும், தங்கச்சி என்ன எழுதியிருக்கான்னு கேளுங்க..."