பேப்பர் ஒட்டிய முகம்

"முடியாத படம் சுவர்ல ஏறாது. விதின்னா விதிதான்," என்றான் செயலாளர்.

மற்ற ஆறு பேருக்கும் நம்ப முடியவில்லை. பின்னே? படம் யாரோ எவரோ வரைந்ததா? மூன்று மாதத்துக்கு முன்னால் லாரியில் அடிபட்டுச் செத்துப்போன அவனுடைய கூடப்பிறந்த தங்கை வரைந்தது.

எட்டு பேர் சேர்ந்து ஆரம்பித்த ஓவியர் கூட்டுறவுச் சங்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களின் முதல் கண்காட்சி. எட்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல அவள் வரைந்துகொண்டிருந்தாள். சட்டை, கை, செருப்பு வார் வரைக்கும் முடித்துவிட்டாள். முகம்தான் இல்லை. ஏழு பேருக்குக் கழுத்துக்கு மேல் வெறும் கான்வாஸ். அண்ணனுக்கு மட்டும் அந்த இடத்தில் ஒரு துண்டு நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தது.

"அந்த விதியை எழுதினதே அவதான். மறந்துடாதீங்க," என்றான்.

"கல்லுக்குள்ளகூட ஈரம் இருக்கும். இந்த ஆளுக்கு நெஞ்சுல சிமென்ட்டு," என்று முணுமுணுத்தாள் பொம்மை. களிமண் பொம்மை செய்கிறவள், அதனால் அந்தப் பேர்.

படத்தைச் சங்க ஹாலின் பின்னறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

மறுநாள் காலை, படம் அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பொம்மையின் கழுத்துக்கு மேல் முகம் வந்திருந்தது.

"யார் பார்த்த வேலை இது?"

ஹாலுக்கு ஒரே சாவிதான். முறை போட்டு, ஒரு நாளைக்கு ஒருத்தர் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

"நேத்து என் முறை. நான் பூட்டினது பூட்டினபடியேதான் இருந்துச்சு அண்ணா," என்றாள் பொம்மை.

செயலாளர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே படத்தைச் சுவர் பக்கம் திருப்பினான். அடுத்த நாளும் அது திரும்பியிருந்தது. இந்தத் தடவை கத்தியின் முகம். பிரஷ்ஷையே தொடாமல் தகட்டுக் கத்தியால் பெயின்ட்டை அப்புகிறவன் அவன்.

"எலி உருட்டியிருக்கும்," என்றான் செயலாளர்.

"உருட்டும் அண்ணா. மூக்கு வரையுமா?" என்றாள் பொம்மை.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"முகம் கடைசியில தானா வரும்னு சொல்லிட்டே இருப்பாளே," என்று ஒருத்தி இழுத்தாள். "அவதான் வந்து முடிச்சிட்டுப் போறாளோ?"

"வாயைக் கழுவு!" என்று கத்தினான் செயலாளர்.

சனிக்கிழமை காலைக்குள் ஆறு முகங்கள் வந்துவிட்டன. பன்னிரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்த்தன. அந்தப் பேப்பரை.

அன்றைக்குச் சாவி முறை செயலாளருடையது.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பியதும் பின்னறைக்குப் போனான். ஜன்னலில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. வருவது வரட்டும் என்று முதல்முறையாகக் குனிந்து கிட்டத்தில் பார்த்தான்.

கத்தியின் கன்னத்தில் தகடு இழுத்த தடம். பொம்மையின் நெற்றியில் கட்டைவிரல் ரேகை. ஆறு முகமும் ஆறு கை. சாவி கிடைத்த அன்றைக்கு அவரவர் முகத்தை அவரவரே போட்டுவைத்திருக்கிறார்கள்! முடியாத படம்தானே ஏறாது? முடித்துவிட்டால்?

"திருட்டுக் கழுதைங்களா," என்றான். சொல்லும்போதே அழுகை முட்டியது.

பாவிகளுக்கு எப்படிச் சொல்வான்? விதியாவது மண்ணாங்கட்டியாவது. அவனை உள்ளுக்குள்ளே கொன்றுகொண்டிருந்தது அந்தப் பேப்பர்தான். "எதையாவது ஒழுங்கா முடிச்சிருக்கியா நீ?" என்று எல்லார் முன்னாலும் அவளைத் திட்டியிருந்தான். "உன் மூஞ்சியை மட்டும் நான் வரையவே மாட்டேன், போ!" என்றாள் அவள். அதுதான் கடைசிப் பேச்சு. மூன்றாம் நாள் லாரி. சொன்னபடியே அவன் முகத்தைப் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை ஊர் பார்க்கச் சுவரில் மாட்ட எந்த அண்ணனுக்கு மனசு வரும்?

பிரஷ்ஷை எடுத்தான். தங்கையின் முகத்தைப் போட்டான், அந்தத் தெற்றுப்பல்லோடு. தன் இடத்தை விட்டுவிட்டான். அவள் வேண்டாமென்றது வேண்டாமென்றே இருக்கட்டும்.

பிரஷ்ஷைக் கீழே வைத்தபோது 'சரக்'கென்று ஒரு சத்தம்.

ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. பேப்பரின் ஒரு மூலை மெல்ல எழும்பியது. அப்புறம் இன்னொரு மூலை. மொத்தமும் தரையில் விழுந்தது.

அங்கே அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

முகத்தின் கோடுகளெல்லாம் இடமிருந்து வலமாகக் கீழே சரிந்தன. இடக்கைக் கோடு. சங்கத்தில் இடக்கைக்காரி அவள் ஒருத்திதான்.

விரலால் மற்ற முகங்களைத் தொட்டான். ஆயில் பெயின்ட், ஒரு வாரம் ஆகியும் ஈரம் ஒட்டியது. தன் முகத்தைத் தொட்டான். ஒட்டவில்லை. நன்றாகக் காய்ந்திருந்தது.

"அண்ணா?" வாசலில் பொம்மை. "உங்களைத் தனியா விட மனசு வரலை. எல்லாரும் வெளியிலதான் நிக்கிறோம்..."

படத்தைப் பார்த்ததும் அவளுக்கும் முகம் வெளுத்தது.

"சத்தியமா நாங்க யாரும் அந்தப் பேப்பரைத் தொடலை அண்ணா. அது உங்க ரெண்டு பேர் விவகாரம்னு விட்டுட்டோம்."

கீழே கிடந்த துண்டை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்து மூலையில் தேதி இருந்தது.

"நீங்க சண்டை போட்டதுக்கு மறுநாள் பேப்பர் இது," என்றாள். "சண்டை அன்னிக்கு இந்த இடம் வெறும் கான்வாஸாத்தான் இருந்துச்சு."

"அவ எப்பவுமே முடிச்ச இடத்தைத்தான் அண்ணா மூடி வைப்பா, மேல ஒரு சொட்டு தெறிச்சுடக் கூடாதுன்னு."