அடிப்போர்வை

விடிந்தும் விடியாத நேரத்தில் அவர் தொட்டிலுக்கு அடியில் கைவைத்துப் பார்த்தார். கதகதப்பாக இருந்தது.

இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய துணித்தொட்டில். அதற்குள் தூங்கும் பையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு அவருடைய பத்து வயது மகள். தொட்டிலின் வெளிப்பக்கம், அவள் முதுகுக்கு நேர்கீழே, அவர் கையால் தைத்த பஞ்சுப் போர்வை துணியோடு ஒட்டினாற்போல் தொங்கியது.

கார் சீட்டுக்கு உறை தைப்பவர் அவர். எத்தனையோ பேர் முதுகுக்கு மெத்தை வைத்த கை. ஆனாலும் இந்தப் போர்வை படுத்திய பாட்டை எந்த வண்டியும் படுத்தியதில்லை.

முதலில், பட்டறைக்குப் பின்னால் இரண்டு கம்பங்களில் தொட்டிலைக் கட்டி, தூங்கும் பைக்குள் அவரே படுத்துப் பார்த்தார். நெற்றியில் வியர்வை, முதுகில் ஜில்லிப்பு. ஆள் படுத்ததும் பையின் பஞ்சு உடம்புக்கு அடியில் அப்பளமாகிவிடுகிறது. கீழே காற்று தன் வீடுபோல் போய்வருகிறது. கோடையாவது ஒன்றாவது.

உள்ளே பாய் விரித்தார். புரண்டால் நழுவியது.

போர்வையை வெளியே தொங்கவிட்டார். இறுக்கிக் கட்டினால் பஞ்சு நசுங்கியது. தளர்த்தினால் இடுக்கில் காற்று புகுந்தது. இரு முனையிலும் எலாஸ்டிக் கோத்தார், பிரித்தார், மறுபடி கோத்தார். சீட்டு உறை கேட்டு வந்தவர்களையெல்லாம் "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்.

"வெயில் காலத்துல எவனாவது கீழ போர்வை கட்டுவானா? உனக்கு மறை கழண்டு போச்சுய்யா" என்று பக்கத்து பஞ்சர் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பஞ்சு போதவில்லை என்றதும் தன் தலையணையைப் பிரித்துக் கொட்டினாள்.

நேற்று மாலை இந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோதும் அதே கேலிதான். நாலு மரம் தள்ளித் தொட்டில் கட்டிய ஒரு தாடிக்காரர் எட்டிப் பார்த்து, "மேல போர்த்தறதைக் கீழ போர்த்தியிருக்கீங்களே சார்!" என்றார்.

அந்தத் தாடிக்காரர்தான் இப்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்புப் பக்கம் குந்தியிருந்தார். பல் தந்தியடித்தது.

"எலும்பு வரைக்கும் ஏறிடுச்சு சார். உங்க போர்வை ஜெயிச்சிடுச்சு. எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க."

அவருக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்தது. வேறு நாளாக இருந்தால் நிற்கவைத்தே அளவெடுத்திருப்பார். எலாஸ்டிக் விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்லி அந்த மனிதரை ஒருவழி பண்ணியிருப்பார்.

"பார்க்கலாம் சார்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பைக்குள் கைவிட்டுப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. அது வீட்டிலேயே பேசி முடித்த விஷயம்.

வெளிச்சம் ஏரித் தண்ணீரில் பட்டு மரத்தடிவரை வந்தது. மகள் கண் திறந்தாள்.

அசையவில்லை. பைக்குள் அவளுடைய கை மெல்லக் கீழே இறங்கியது. நின்றது. மறுபடியும் தடவியது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா," அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள், "காய்ஞ்சிருக்குப்பா."

வீட்டில் மூன்று பேருக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி அது. சித்தி வீட்டில் அவள் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. மாமா கல்யாணத்தில்கூட, சாப்பிட்ட கையோடு மூவரும் வீடு திரும்பிவிட்டார்கள். பெரும்பாலான நாட்கள் பால்காரருக்கு முன்னால் எழுந்து, ஈர விரிப்பைச் சுருட்டி அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடுவாள்.

"தானா நின்னுடும், திட்டாதீங்க" என்றார் டாக்டர். அவர்கள் திட்டியதே இல்லை. குளிர் ஏறும் ராத்திரிகளில்தான் அதிகமாக ஆகிறது என்று கவனித்துச் சொன்னதுகூட அவள்தான்.

பள்ளியில் கோடை முகாம் அறிவித்திருந்தார்கள். மரத்துக்கு மரம் தொட்டில் கட்டி வகுப்பே தூங்கப்போகிறது. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று அம்மா கேட்டாள். மகளோ, "முதல்ல நானும் அப்பாவும் போய் ஒரு ராத்திரி தூங்கிப் பார்த்துட்டு வர்றோம்" என்றாள்.

அவ்வளவு தைரியம் தனக்கு எந்த வயதிலும் இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. அவள் தலையைத் தடவினார். எப்போதும்போல் துள்ளி எழுந்துவிடுவாள் என்று பையின் ஜிப்பை இறக்கப்போனார்.

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்கறேன்ப்பா."

புரண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாடிக்காரர் தேநீர்க் குவளையோடு சருகுகளை மிதித்துக்கொண்டு வந்தார். "பாப்பா எந்திரிச்சிட்டாளா சார்? இந்தாங்க, சூடா..."

இவர் தன் உதட்டில் விரல் வைத்தார். ஊருக்கே சொல்லவேண்டும் போலவும் ஒருவருக்கும் சொல்லக்கூடாது போலவும் முகமெல்லாம் பூரித்துக் கிடந்தது.

"மெதுவா பேசுங்க சார்," என்றார். "என் பொண்ணு தூங்கறா."